எலிகள் சொன்னதும் நாம் கேட்டதும்: ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளும் உயர் இரத்த அழுத்தமும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அறுபது வயதைக் கடந்த ஒருவர் தம் மனைவியுடன் வந்திருந்தார். ஆறு ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டு, இரத்த அழுத்தத்தை 130/80 அளவில் நன்கு கட்டுக்குள் வைத்திருந்தவர் அவர். அன்று அளந்தபோது 190/110 இருந்தது. சிறுநீரில் புரதமும் கசியத் தொடங்கியிருந்தது. மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்கிறீர்களா என்று வினவினோம். சற்றுத் தயங்கியபின், பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசைமீது வைத்தார். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, திராட்சை விதைச் சத்து ஆகியவை அடங்கிய ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகள் அதில் இருந்தன. நான்கு மாதங்களாக அவற்றை மட்டுமே உட்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் கவனக்குறைவானவர் அல்லர். கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைப் படித்து, யோசித்தே அந்த முடிவை எடுத்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் உயர் இரத்த அழுத்தமுள்ள எலிகளுக்கு ஆன்டி-ஆக்சிடன்ட் கொடுத்ததும் அழுத்தம் குறைந்தது என்பதே அச்செய்தி. அவருடைய மனைவி எங்களிடம் நேராகவே கேட்டார்: "எலிக்குக் குறையும்னா மனுஷனுக்கும் குறையத்தானே வேணும், டாக்டர்?"

இது நியாயமான வினா. மருத்துவர்களாகிய நாங்களும் ஒரு காலத்தில் இதே வினாவை எழுப்பி, ஆம் என்றே விடை கூறியிருந்தோம். எங்கள் ஆசிரியர்களின் தலைமுறையில் இதய நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ மாத்திரை எழுதித் தந்தவர்கள் பலர். பின்னர் அந்த விடையை நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அது ஏன் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்க முயல்கிறோம்.

ஆன்டி-ஆக்சிடன்ட் என்பது என்ன?

நாம் உண்ணும் உணவை உடல் ஆக்சிஜனின் துணையுடன் எரித்துச் சக்தியாக மாற்றுகிறது. அடுப்பு எரியும்போது தீப்பொறி தெறிப்பதைப் போல, இந்த வேலையின்போது சில துடிப்பான வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் முதன்மையானது சூப்பர் ஆக்சைடு. அது தன் அருகிலுள்ள கொழுப்பு, புரதம், மரபணுப் பொருள் ஆகியவற்றைத் தாக்கிச் சிதைக்கக்கூடியது. இத்தகைய பொருள்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நிலையை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். அவற்றை அடக்கும் பொருள்களே ஆன்டி-ஆக்சிடன்ட்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவை உணவிலிருந்து கிடைப்பவை. இவற்றைவிட வலிமையான காவலர்களை நம் உடல் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. சூப்பர் ஆக்சைடை அழிக்கும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதியை 1969ஆம் ஆண்டு மெக்கார்ட், ஃபிரிடோவிச் ஆகிய இருவர் அடையாளம் கண்டனர்.

இதற்கும் இரத்த அழுத்தத்திற்கும் என்ன தொடர்பு? 1980ஆம் ஆண்டு ராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அமெரிக்க அறிவியலாளர், இரத்தக் குழாயின் உட்சுவர் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்று கண்டார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயுவே என்பது பின்னர் தெளிவாயிற்று. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக 1998ஆம் ஆண்டு ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரத்தக் குழாய் தளர்ந்தால் அழுத்தம் குறையும், இறுகினால் கூடும். 1986ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இவ்விரண்டு கதைகளையும் இணைத்தது: குழாயைத் தளர்த்தும் இந்த நைட்ரிக் ஆக்சைடை சூப்பர் ஆக்சைடு அழித்துவிடுகிறது. ஆகவே சூப்பர் ஆக்சைடை அடக்கினால் நைட்ரிக் ஆக்சைடு பிழைக்கும், குழாய் தளரும், அழுத்தம் இறங்கும் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. அதைச் சோதித்துப் பார்க்க எலிகள் தேவைப்பட்டன.

கியோட்டோவின் எலிகள்

இரத்த அழுத்த ஆராய்ச்சியில் உலகெங்கும் பயன்படும் ஒரு வகை எலி உண்டு. ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒகமோட்டோ, ஆவோகி ஆகிய இருவர், இயல்பாகவே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்த எலிகளைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகத் தம்முள் இனப்பெருக்கம் செய்யவைத்து அவ்வகையை உருவாக்கினர். அதைப் பற்றி 1963ஆம் ஆண்டு அறிவித்தனர். தானாகவே உயர் இரத்த அழுத்தம் அடையும் எலி என்பது அதன் பெயர். பிறந்து சில வாரங்களில் அழுத்தம் ஏறத் தொடங்கும்; வளர்ந்தபின் மேல் அளவு 180ஐத் தாண்டுவது வழக்கம். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் டால் என்பவர், உப்பு உண்டால் அழுத்தம் ஏறும் எலிகளையும், எவ்வளவு உண்டாலும் அதிகம் ஏறாத எலிகளையும் தனித்தனிக் குலங்களாகப் பிரித்து வளர்த்தார்.

இந்த எலிகளில் ஆன்டி-ஆக்சிடன்ட் ஆராய்ச்சி தந்த முடிவுகள் வலுவானவை. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியை இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் வகையில் மாற்றியமைத்து, 1991ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் கியோட்டோ வகை எலிகளுக்குச் செலுத்தினர், அழுத்தம் இறங்கியது. 1998ஆம் ஆண்டு அந்த நொதியைப் போலவே செயல்படும் டெம்போல் என்னும் செயற்கை வேதிப்பொருளைக் கொடுத்தபோதும் அழுத்தம் இயல்பு நிலைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று எதிர்த்திசையிலிருந்து அணுகியது. நோயில்லாத எலிகளின் உடலிலுள்ள குளுட்டாதையோன் என்னும் இயற்கை ஆன்டி-ஆக்சிடன்டைக் குறைத்தபோது அவற்றுக்குக் கடுமையான உயர் அழுத்தம் உண்டாயிற்று. வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவற்றைக் கொடுத்தபோது அது தணிந்தது. பக்கவாதம் எளிதில் வரக்கூடிய ஒரு கிளை வகை எலிகளிலும் இவ்விரு வைட்டமின்களும் அழுத்த ஏற்றத்தைக் குறைத்தன.

ஆகவே எங்கள் நோயாளி படித்த செய்தி பொய்யன்று. எலிகளில் அது நடந்தது. ஒரே ஆய்வுக்கூடத்தில் மட்டுமின்றிப் பல இடங்களிலும் நடந்தது.

மனிதர்களிடம் சோதித்தபோது

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்பதை அறிய ஒரே வழி, மனிதர்களிடம் முறையாகச் சோதிப்பதே. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மெய்யான மாத்திரையும் மற்றொரு பகுதியினருக்கு அதே தோற்றமுடைய போலி மாத்திரையும் கொடுப்பர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது. ஆண்டுகள் கழிந்தபின் கணக்குப் பார்ப்பர்.

இத்தகைய சோதனைகளுள் முக்கியமான ஒன்று 2000ஆம் ஆண்டு வெளியான ஹோப் ஆய்வு. 55 வயதைக் கடந்து, இதய நோய் அபாயம் மிகுந்தவர்களாக இருந்த 9,500க்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். பாதிப் பேர் நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் ஈ உட்கொண்டனர். நாலரை ஆண்டுகளின் முடிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் நேரும் மரணம் ஆகிய எதிலும் வைட்டமின் ஈ வேறுபாடு ஏற்படுத்தவில்லை. 2002ஆம் ஆண்டு பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்த இதயப் பாதுகாப்பு ஆய்வில் வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், வைட்டமின் சி 250 மில்லிகிராம், பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம் ஆகிய மூன்றும் ஒன்றாக ஐந்து ஆண்டுகள் கொடுக்கப்பட்டன. இரத்தத்தில் வைட்டமின் ஈயின் அளவு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அதாவது மாத்திரை உடலுக்குள் சென்றதில் ஐயமில்லை. ஆயினும் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ குறையவில்லை.

இரத்த அழுத்தத்தை மட்டும் தனியே பார்த்தால் என்ன? வைட்டமின் சிக்கு ஆதரவான சான்று சிறிதளவு உண்டு என்பதை மறைக்க மாட்டோம். 29 சிறிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012ஆம் ஆண்டு வெளியான கணக்கீட்டின்படி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிகிராம் வைட்டமின் சி, மேல் அளவைச் சராசரியாக 4 மி.மீ. அளவுக்குக் குறைத்தது. அந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை சில வாரங்களே நீடித்தவை. 190இல் நிற்கும் அழுத்தத்தை அது 186 ஆக்கும், அவ்வளவே. அந்தக் குறைவு ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் என்பதற்கோ, அதனால் பக்கவாதம் தவிர்க்கப்படும் என்பதற்கோ அவை சான்றாகா.

வேறு சில முடிவுகள் எங்களை எச்சரிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஏற்கெனவே அழுத்த மாத்திரை உட்கொண்டு வந்த 69 பேரிடம் நடந்து 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வைட்டமின் சியும் திராட்சை விதைச் சத்தும் சேர்த்துக் கொடுத்தபோது மேல் அளவு ஏறத்தாழ 5 மி.மீ. உயர்ந்தது. எங்கள் நோயாளியின் குப்பியில் இருந்த கூட்டும் இத்தகையதே. அதே நகர ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் வைட்டமின் ஈ கொடுத்தபோதும் அழுத்தம் கூடவே செய்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994ஆம் ஆண்டு வெளியான ஆய்விலோ, பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. நன்மை தராவிட்டாலும் தீமை செய்யாது என்னும் எண்ணம் அத்துடன் தகர்ந்தது.

வேறுபாடு எங்கே நேர்ந்தது?

எலி பொய் சொல்லவில்லை. மனிதர்களிடம் நடந்த சோதனையும் பொய் சொல்லவில்லை. எனில் இடையில் நேர்ந்தது என்ன? எங்களுக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. மனிதரால் அது இயலாது. உணவில் பெற்றாக வேண்டும். எனவே இவ்வைட்டமினை எலியின் உடல் கையாளும் விதமும் நம் உடல் கையாளும் விதமும் ஒன்றல்ல. நாம் அளவுக்கு மேல் விழுங்கும் வைட்டமின் சியை நம் குடல் முழுதும் ஏற்பதில்லை. ஏற்றதிலும் மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது.

இரண்டாவது, ஆய்வுக்கூட எலிகள் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒன்றின் மரபணு மற்றொன்றின் நகல் என்றே சொல்லலாம். அவற்றுக்கு நோய் வந்த வழியும் ஒன்றே. பல சோதனைகளில் அழுத்தம் முழுதும் ஏறுவதற்கு முன்பே, இளம் பருவத்திலேயே மருந்து தொடங்கப்படுகிறது. எங்களிடம் வருபவர்களோ ஐம்பது ஆண்டு வாழ்வின் சுமையுடன் வருகிறார்கள். உப்பு, உடற்பருமன், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புகை, உறக்கமின்மை, பரம்பரை என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவர்களுடைய இரத்தக் குழாய்ச் சுவர் ஏற்கெனவே தடித்திருக்கும்.

மூன்றாவது காரணத்தை மிக முக்கியமானதாகக் கருதுகிறோம். எலிகளில் சிறப்பாகச் செயல்பட்ட அந்த நொதியும் டெம்போலும் கடையில் விற்கும் வைட்டமின்கள் அல்ல. சூப்பர் ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடை அழிக்கும் வேகம் வியப்பூட்டுவது. வைட்டமின் சி சூப்பர் ஆக்சைடைப் பிடிக்கும் வேகமோ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. பந்தயம் தொடங்கும்முன்பே வைட்டமின் தோற்றுவிடுகிறது. எனவே "ஆன்டி-ஆக்சிடன்ட்" என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

நான்காவது, எலியின் அழுத்தத்தைப் பெரும்பாலும் வாலில் பட்டை கட்டி அளக்கிறார்கள். அதற்காக எலியைச் சிறு கூட்டில் அடக்கிவைத்து, உடலைச் சூடாக்க வேண்டும். அந்த அச்சமே அழுத்தத்தை மாற்றக்கூடும். மருத்துவரைக் கண்டதும் நம்மில் சிலருக்கு அழுத்தம் ஏறுவதைப் போன்றதே இதுவும். மேலும், பயன் காணாத சிறிய விலங்கு ஆய்வுகள் பல அச்சேறாமலே போகின்றன. வெற்றி பெற்றவை மட்டுமே செய்தியாகி நம் கைப்பேசியை வந்தடைகின்றன.

குழாயை மூடுவதா, தரையைத் துடைப்பதா?

இவ்வளவும் கேட்டபின், விலங்கு ஆராய்ச்சியே வீண் என்று எவரும் எண்ணிவிடலாகாது. மேலே சொன்ன ஹோப் ஆய்வின் மறுபாதியை இப்போது சொல்கிறோம். அதே ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு மற்றொரு குலுக்கல் முறையில் ராமிப்ரில் என்னும் மருந்தோ அதன் போலியோ கொடுக்கப்பட்டது. போலி உட்கொண்டவர்களுள் 17.8 விழுக்காட்டினர் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஆளாயினர். ராமிப்ரில் உட்கொண்டவர்களுள் 14 விழுக்காட்டினர் மட்டுமே ஆளாயினர். அதாவது, மருந்து உட்கொண்ட நூறு பேரில் ஏறத்தாழ நான்கு பேர் காப்பாற்றப்பட்டனர். ஒரே ஆய்வு, ஒரே மக்கள், ஒரே காலம். வைட்டமின் தோற்றது, மருந்து வென்றது.

இந்த மருந்துக் குடும்பமும் விலங்கு ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான். பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேய்ரா 1965ஆம் ஆண்டு வெளியிட்ட கண்டுபிடிப்பின் வழியே கேப்டோப்ரில் என்னும் முதல் மாத்திரை உருவாகி, 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலிகளில் பயன் தந்தது. பின்னர் மனிதரிடமும் முறையாகச் சோதிக்கப்பட்டுத் தேறியது. வைட்டமின் மாத்திரைகள் தேறாத தேர்வில் இது தேறியது என்பதே வேறுபாடு.

இன்னொரு செய்தியும் உண்டு. இரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது, குழாய்ச் சுவரிலுள்ள ஒரு நொதி தூண்டப்பட்டு சூப்பர் ஆக்சைடைப் பெருக்கியது என்று 1996ஆம் ஆண்டு ஓர் ஆய்வு காட்டிற்று. வேறொரு பொருளால் அழுத்தத்தை உயர்த்தியபோது சூப்பர் ஆக்சைடு அவ்வாறு பெருகவில்லை. அதாவது, எலிகள் நமக்கு ஊற்றுக்கண்ணைச் சுட்டிக் காட்டின. ப்ரில் என்று முடியும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மருந்துகள் ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கின்றன. சார்டன் என்று முடியும் லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை அது செயல்படுவதைத் தடுக்கின்றன. வீட்டில் குழாய் திறந்து கிடந்து தரையெல்லாம் நீர் பரவும்போது, வைட்டமின் மாத்திரை துணிகொண்டு தரையைத் துடைக்கிறது. உங்கள் அழுத்த மாத்திரை குழாயை மூடுகிறது. ஆன்டி-ஆக்சிடன்டைத் தேடி அந்த மாத்திரையைக் கைவிட்டவர், துணியை வாங்கிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டவர் ஆகிறார்.

உணவு வேறு, மாத்திரை வேறு

காய்களும் கனிகளும் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் 459 பேரிடம் டேஷ் என்னும் உணவுமுறை சோதிக்கப்பட்டது. காய், கனி, கொழுப்பு குறைந்த பால் பொருள்கள், முழுத் தானியம், கொட்டை வகைகள் ஆகியவை மிகுந்த உணவை எட்டு வாரம் உண்ட உயர் அழுத்த நோயாளிகளுக்கு, வழக்கமான உணவு உண்டவர்களைவிட மேல் அளவு 11 மி.மீ., கீழ் அளவு 5 மி.மீ. கூடுதலாகக் குறைந்தது. உப்பையும் குறைத்தபோது பயன் இன்னும் மிகுந்தது என்று 2001ஆம் ஆண்டின் தொடர் ஆய்வு காட்டியது. இந்தப் பயனை ஒரே வைட்டமினின் கணக்கில் எழுத இயலாது. பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், நார்ச்சத்து ஆகியவை சேர்ந்து செய்யும் வேலை அது. அதைக் குப்பிக்குள் அடைக்க எவராலும் இதுவரை இயலவில்லை.

எனவே கீரை, முருங்கைக்காய், வாழைத்தண்டு, கொய்யா, நெல்லிக்காய் ஆகியவற்றை மகிழ்ந்து உண்ணுங்கள். ஆனால் நெல்லிக்காயை ஊறுகாயாக்கி உண்டால் அதன் நன்மையை உப்பு விழுங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. சமையலில் இடுவது, ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மோர்மிளகாய், கடைத் தின்பண்டங்கள் அனைத்தும் அந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் காய்கனிகளைக் கூட்டுமுன் எங்களைக் கேட்க வேண்டும். அவர்களுக்குப் பொட்டாசியம் மிகுவது இதயத்துடிப்பைக் குலைக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுபவற்றிலும் பொட்டாசியம் உண்டு. ப்ரில், சார்டன் வகை மாத்திரை உட்கொள்பவர்களும் அவற்றைத் தாமாகத் தொடங்கலாகாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தம் சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். நோய் நீங்கியதன் அடையாளம் அன்று. அட்டினோலால், மெட்டோப்ரோலால், க்ளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து.

2. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் வைட்டமின் ஈயை மிகுந்த அளவில் உட்கொண்டால் இரத்தக்கசிவு நேரலாம்.

3. மிகுந்த அளவு வைட்டமின் சி சிலருக்குச் சிறுநீரகக் கல்லை உண்டாக்கலாம். சிலவகைக் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவைப் பிழையாகக் காட்டச் செய்யலாம்.

4. புகைபிடிப்பவர்களும் முன்பு புகைபிடித்தவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். கேரட்டும் கீரையும் உண்பதற்குத் தடையில்லை.

5. அதிமதுரம் இயற்கைப் பொருளாயினும் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். இருமலுக்கென்று நாள்தோறும் அதைச் சுவைப்பவர்கள் எங்களிடம் சொல்ல வேண்டும்.

6. வைட்டமின் குறைபாடு உறுதி செய்யப்பட்டு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளுக்கு இக்கட்டுரை பொருந்தாது. அவற்றைத் தொடருங்கள்.

அடுத்த செய்தி வரும்போது

நாளையும் ஒரு செய்தி வரும். வேறொரு பழம், வேறொரு விதை, வேறொரு குப்பி. அப்போது குடும்பத்தாரோடு அமர்ந்து நான்கு வினாக்களை எழுப்புங்கள். சோதனை நடந்தது விலங்கிடமா, மனிதரிடமா? மனிதரிடம் என்றால், போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்களா? எத்தனை பேர், எவ்வளவு காலம்? குறைந்தது வெறும் எண்ணா, அல்லது பக்கவாதமும் மாரடைப்புமா? இவற்றுக்கு விடை கிடைக்காத செய்தி, உங்கள் மாத்திரையை மாற்றும் உரிமை பெறாது. விடை கிடைத்தாலும், மாற்றுமுன் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

தொடக்கத்தில் சொன்னவர் பழைய மாத்திரைகளுக்குத் திரும்பினார். மூன்று மாதங்களில் அழுத்தம் 134/82க்கு இறங்கியது. சிறுநீரில் புரதம் குறைந்துள்ளது, முற்றிலும் நீங்கவில்லை. நீங்கும் என்ற நம்பிக்கையோடு கவனித்து வருகிறோம். தாம் மாத்திரையை நிறுத்தியதை எங்களிடம் சொல்ல அவர் அஞ்சியதாகப் பின்னர் அவருடைய மனைவி கூறினார். அது எங்களைச் சிந்திக்க வைத்தது. கேட்டால் கடிந்துகொள்வார்கள் என்ற எண்ணம் நோயாளிக்கு இருக்குமானால், அக்குறையில் எங்களுக்கும் பங்குண்டு.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது, மருந்துச் சீட்டோடு வீட்டிலுள்ள எல்லாக் குப்பிகளையும் பொடிகளையும் சூரணங்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று உங்களோடு அமர்ந்து பேசுவோம்.